பசுமைக்கு மாறினால் போட்டியில் நிற்க முடியுமா? வளரும் நாடுகளில் நடப்பது என்ன?

வகுப்பறை:
அனைவருக்கும் வணக்கம். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளரும் பொருளாதாரங்களில் சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் கவனித்து நடத்தும் நிர்வாகம் போட்டித்திறனைக் கூட்டுமா என்பது என் ஆய்வுத் தலைப்பு. படித்த வரைக்கும் எல்லாரும் பாடுவது ஒரே பல்லவிதான். மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1991இல் ஒரு சிறு கட்டுரையில் ஆரம்பித்து வைத்தார். 1995இல் கிளாஸ் வான் டெர் லிண்டேயுடன் சேர்ந்து விரித்து எழுதினார். மாசு என்பது வீணாய்ப் போகும் மூலப்பொருள்; சட்டம் கறாராகவும் புத்திசாலித்தனமாகவும் இருந்தால் நிறுவனம் புதுவழி தேடும், செலவும் ஈடாகிவிடும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் பணக்கார நாடுகள். இந்தியா, வங்கதேசம், எத்தியோப்பியா, பிரேசில் மாதிரி இடங்களில் இது எடுபடுமா? தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி:
எடுபடாது. இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

சரி, ஒரு வரி சேர்க்கிறேன். நூறு வருடம் புகை விட்டு வளர்ந்தவர்கள், இப்போது நாம் ஏறும்போது ஏணிக்குச் சுங்கம் கேட்கிறார்கள். இதற்கு 'போட்டித்திறன்' என்று பெயர் வைத்தால் நாமும் தலையாட்ட வேண்டுமா?

ஏற்றுமதிக்காரர்:
வகுப்பறை, தம்பியா தங்கையா தெரியவில்லை, நல்ல கேள்வி. பின்னலாடையிலேயே தலை நரைத்தவன் நான், அதனால் திருப்பூர் சாயப்பட்டறை விஷயத்தைச் சொல்கிறேன். போர்ட்டர் சொன்னதை நிஜத்தில் சோதித்துப் பார்த்தது மாதிரி அங்கே நடந்தது.

சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கியது. பாசனத்துக்குக் கட்டின அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. சுமார் 700 பட்டறைகள். மறுபடி திறக்க வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது.

இதை எழுதுவது சுலபம், செய்து பாருங்கள் தெரியும். சாயத்தண்ணீரை முதலில் உயிரியல் முறையில் சுத்தம் செய்து, அப்புறம் ஆர்.ஓ. சவ்வு வழியாக அனுப்ப வேண்டும். பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும், அதில் தகராறு இல்லை. மிஞ்சும் உப்புக்கரைசல்தான் எமன். அதை ஆவியாக்கியில் காய்ச்ச நீராவி வேண்டும். நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும். (ஆற்றைக் காப்பாற்றப் புகை விடுகிறோம். இந்தக் கணக்கை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.) தெளிவாக வரும் சோடியம் சல்பேட்டை மறுபடி சாயத்தொட்டிக்கே கொண்டுபோகலாம். கலப்பு உப்பைச் சீந்துவார் இல்லை. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடைந்து கிடக்கும்.

இதோடு தொழிலே முடிந்தது என்றார்கள். முடியவில்லை. ஊர் ஏற்றுமதி மறுபடி எழுந்தது, மேலேயும் போனது. தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொழில்நகரம் என்று இன்றைக்கு வெளிநாட்டுப் பையரிடம் (வாங்கும் நிறுவனத்திடம்) பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மூடின சின்னப் பட்டறைகளில் எத்தனையோ திரும்பத் திறக்கவே இல்லை. ஊர் பிழைத்த கதையைச் சொல்கிறவர்கள் இவர்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இன்னொன்று. காஸ்டிங் ஷீட்டில் (விலைக் கணக்குத் தாளில்) நூலுக்கு ஒரு வரி, பின்னலுக்கு ஒரு வரி, பட்டனுக்கு ஒரு வரி உண்டு. கழிவுநீரைச் சுத்தம் செய்ததற்கு என்று ஒரு வரியை எந்தப் பையரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. சாயக் கட்டணம் ஏன் ஏறியது என்று மட்டும் கேட்பார்கள்.

வகுப்பறை:
நன்றி ஐயா (தங்கைதான்). அப்படியானால் திருப்பூர், போர்ட்டருக்குச் சாதகமா, பாதகமா?

கொதிகலன்:
இரண்டும் இல்லை என்பேன். அவர் பேச்சில் பாதி ஆலைத்தளத்தில் தினமும் நடக்கிறது, அதற்குச் சட்டமே தேவையில்லை. எரிசக்தித் தணிக்கைதான் என் தொழில். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் போவது காற்றை அழுத்தும் கம்ப்ரசர் அறைக்கு. அழுத்தக் காற்று ஆலையிலேயே விலை உயர்ந்த சரக்கு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சரியாகப் பராமரிக்காத ஆலையில் 20 முதல் 30 சதவீதம் கசிந்தே போகும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விடுமுறை நாளில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். காற்றைப் பயன்படுத்த ஆளே இல்லை, அது ஒரு தடவை நிரப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இருக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி லோடு எடுக்கும், அதாவது காற்றை அழுத்த ஆரம்பிக்கும். லோடில் ஓடிய நேரத்தையும், லோடு இல்லாமல் ஓடிய நேரத்தையும் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தில் லோடு நேரம் எத்தனை சதவீதமோ அதுதான் கசிவு. மூன்று நிமிடம் லோடு, ஏழு நிமிடம் சும்மா என்றால் 30 சதவீதம். அந்த மின்சாரத்துக்கு வருடம் பூராவும் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! சரிசெய்ய வேண்டியது சில குழாய் இணைப்பும் வாஷரும்.

பாய்லரும் அதே மாதிரிதான். நீராவி குளிர்ந்து வரும் சுடுதண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்பினால், உள்ளே போகும் தண்ணீர் 6 டிகிரி சூடாவதற்கு எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம். இதெல்லாம் எந்த ஊர் ஆலைக்கும் பொருந்தும். முதலாளிக்கு இதில் நஷ்டமே கிடையாது. அப்படியும் பாதிப் பேர் செய்வதில்லை, ஏனென்றால் மின்கட்டணத்தைப் பார்ப்பவர் கணக்குப் பிரிவில், வால்வைத் திருகுபவர் பராமரிப்பில். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

கடன்பிரிவு:
கொதிகலன் சொன்னது முதலீடு வேண்டாத வேலைகள். அது முடிந்ததும் மெஷினை மாற்ற வேண்டி வரும். அங்கேதான் போர்ட்டர் இடறுகிறார். நான் வங்கியில் தொழில் கடன் பார்க்கிறவன், எனக்குத் தெரிந்த கணக்கைப் போடுகிறேன்.

மின்சாரம் மிச்சப்படுத்தும் ஒரு இயந்திரம். விலை 100. வருடத்துக்கு 20 மிச்சமாகும், ஏழு வருடம் உழைக்கும். 5 சதவீத வட்டிக்குப் பணம் கிடைக்கும் நாட்டில் அந்த ஏழு வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு, அதாவது பின்னால் வரும் பணத்தை வட்டி கழித்துப் பார்த்தால், 115.7. லாபம், வாங்கலாம். அதே இயந்திரம், அதே மிச்சம், வட்டி மட்டும் 14 சதவீதம் என்று வையுங்கள். இன்றைய மதிப்பு 85.8. நஷ்டம். பொறியாளர் மாறவில்லை, தொழில்நுட்பம் மாறவில்லை, முதலாளியின் மனசாட்சியும் மாறவில்லை. கடன் விலை மாறியது, முடிவு தலைகீழானது.

'வளரும் நாட்டு நிறுவனங்களுக்கு விழிப்புணர்வு போதாது' என்று கருத்தரங்குகளில் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். 14 சதவீத வட்டி கட்டுபவர் அந்த மெஷினை வாங்காதது அறியாமை இல்லை, கணக்கு. சின்ன நிறுவனமாக இருந்தால், அடமானம் வைக்கச் சொத்து இல்லை என்று அந்த 14க்கே கடன் கிடைப்பதும் கஷ்டம்.

ஏற்றுமதிக்காரர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு அப்போது வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அதை எடுத்துவிட்டுத் திருப்பூர் கதையைச் சொல்ல முடியாது.

எதிர்க்கட்சி:
ஆக, அரசு பணம் கொடுத்தால் பசுமை, கொடுக்காவிட்டால் கறுப்பு. இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். சீனா சூரியத் தகட்டில் உலகத்தைப் பிடித்ததும் நிர்வாகத் தத்துவத்தால் இல்லை. மலிவுக் கடன், நிலம், உள்ளூர் ஆதரவு, பிரம்மாண்ட உற்பத்தி.

கடன்பிரிவு:
அதில் தப்பு என்ன இருக்கிறது? துறைமுகம் கட்டவும் அரசுதான் பணம் போடுகிறது. துறைமுகத்தால் வந்த போட்டித்திறன் போலி என்று யாரும் சொல்வதில்லையே.

தணிக்கையாளன்:
நடுவே புகுவதற்கு மன்னிக்கவும். தொழிலாளர் பாதுகாப்புத் தணிக்கையில் நெடுநாள் இருந்தேன், இப்போது இல்லை. தங்கை, உங்கள் ஆய்வில் ஒரு பொறி இருக்கிறது. நல்ல நிர்வாகம் எது என்பதை எதை வைத்து அளப்பீர்கள்? சான்றிதழை வைத்து என்றால் ஆய்வு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை 2012 செப்டம்பரில் தீப்பிடித்தது. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னலில் கம்பி, வெளியேறும் வழியில் பூட்டு. அதே ஆலைக்கு சில வாரம் முன்னால்தான் எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 24, டாக்கா அருகே ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் போனார்கள். அந்தக் கட்டடத்துக்குள்ளும் தணிக்கைக்காரர்கள் போய் வந்திருந்தார்கள். ஊதியப் பதிவேட்டைப் பார்த்தார்கள், கட்டடத்தின் தூணைப் பார்ப்பது அவர்கள் பட்டியலில் இல்லை.

அதன் பிறகு ஆடை ஆலைப் பாதுகாப்புக்காக வந்த வங்கதேச அக்கார்டு ஒப்பந்தம் வேறு ரகம். 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்துப் போட்டன, சட்டப்படி அவற்றைக் கட்டுப்படுத்தியது, தொழிற்சங்கமும் ஒரு தரப்பு. தீயணைப்பு, மின்சாரம், கட்டட உறுதி மூன்றையும் பொறியாளர்கள் ஆய்வு செய்தார்கள், அறிக்கைகள் வெளியானது. ஆனால் நான் உங்களைப் படிக்கச் சொல்வது யாரும் படிக்காத பின்பகுதி விதிகளை. ஆலை தன்னைச் சீர்செய்யும் அளவுக்கு வணிக நிபந்தனை இருக்கும்படி பிராண்டுகள் பேசி முடிக்க வேண்டும் என்று ஒரு விதி. முதல் இரண்டு வருடத்துக்காவது வங்கதேசத்தில் கொள்முதல் அளவைக் குறைக்காமல் தொடர வேண்டும் என்று இன்னொன்று. கடன்பிரிவு போட்ட கணக்குக்கு இதுதான் பதில். இரண்டு வருட ஆர்டர் உறுதி இருந்தால் அதைக் காட்டிக் கடன் வாங்கித் தீக்கதவு போடலாம். மூன்று மாத ஆர்டரை வைத்துக்கொண்டு முடியாது.

கட்டடங்கள் உண்மையிலேயே பாதுகாப்பாகின. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை? அப்போது அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் ஆனர் 2018இல் எழுதியதைப் பாருங்கள். ராணா பிளாசாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆலைகளுக்குக் கொடுத்த விலை சுமார் 13 சதவீதம் இறங்கியதாகக் காட்டுகிறார். செலவு ஏறியது, விலை இறங்கியது. இடைவெளியை நிரப்பியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏற்றுமதிக்காரர்:
தணிக்கையாளன் சொல்வது அப்படியே உண்மை. ஒரு பெரிய பையரின் கதை, பெயர் வேண்டாம். பசுமைப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து ஒரு நாள் முழுக்க ஆலையைச் சுற்றிப் பார்த்து, ரொம்பப் பாராட்டிவிட்டுப் போனார். அதே வாரம் அவர்களுடைய கொள்முதல் பிரிவிலிருந்து மெயில்: 'அடுத்த சீசனுக்கு விலையைக் குறைக்க வேண்டும், வேறு நாட்டிலிருந்து கோட்டேஷன் வந்திருக்கிறது.' பசுமைப் பிரிவின் அம்மாவுக்கு சி.சி. கூடப் போடவில்லை.

மட்டுறுத்துநர்:
இதுவரை நன்றாகப் போகிறது. சொந்த அனுபவத்தில் நிறுவனப் பெயர்களைத் தவிர்ப்பதற்கு நன்றி, அப்படியே தொடருங்கள்.

வகுப்பறை:
இப்போது எனக்குக் கேள்வியே மாறுகிறது. நிறுவனத்துக்குள்ளே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெரிய நிறுவனங்கள், சொந்த பிராண்டு வைத்திருப்பவை, வேறு மாதிரிதானே? பிரேசிலின் அழகுசாதன நிறுவனமான நட்டூராவை எல்லாப் பாடத்திலும் காட்டுகிறார்கள்.

எதிர்க்கட்சி:
ஆகா, நட்டூரா! காட்டுவார்கள், கதையின் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

1969இல் ஆரம்பித்த நிறுவனம். 1983லேயே திரும்ப நிரப்பும் பாக்கெட்டை விற்றது. அமேசான் காட்டு விதைகளை அங்குள்ள சமூகங்களிடமே வாங்கிப் பொருள் செய்தது. 2014இல், பங்குச்சந்தையில் இருந்துகொண்டே, சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புக்கான பி கார்ப் சான்று வாங்கியது. இதுவரை பாடப்புத்தகம். அப்புறம் 2017இல் பாடி ஷாப்பை வாங்கியது, 2020இல் ஏவானை. விழுங்க முடியாத கவளம். கடன் கழுத்தை நெரித்தது. 2023இல் ஈசாப் பிராண்டை லோரியலுக்கு விற்றது, அதே வருடம் பாடி ஷாப்பையும் தள்ளிவிட்டது. 2024இல் ஏவான் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. பசுமை காப்பாற்றியதா?

தணிக்கையாளன்:
பசுமை கவிழ்க்கவும் இல்லையே. கவிழ்த்தது கையகப்படுத்தும் ஆசை. பிரேசிலில் அவர்கள் நேரடி விற்பனைப் பெண்களையும் அமேசான் பொருட்களையும் வைத்துக் கட்டின தொழில் நின்றது, வெளியே வாங்கியதுதான் இழுத்தது. நல்ல நிர்வாகம் என்ற முத்திரை இருந்தால் மோசமான நிதி முடிவுக்கு மன்னிப்பு உண்டு என்று சந்தையில் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வகுப்பறை கேட்டதற்குப் பதில், ஆமாம், வேறு மாதிரிதான். சொந்த பிராண்டு இருப்பவர் விலையைத் தானே வைக்கிறார். சுத்தம் செய்யும் செலவை வாடிக்கையாளரிடம் கொண்டுபோக அவருக்கு வழி இருக்கிறது. பிறருக்குத் தைத்துக் கொடுப்பவருக்கு அந்த வழி அடைத்திருக்கிறது.

ஏற்றுமதிக்காரர்:
நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்கா 2016இல் திறந்தபோது எங்கள் வட்டாரத்தில் கொஞ்சம் பயந்தோம். திருப்பூர் அடிபட்டுக் கற்றுக்கொண்ட கழிவுநீர் முறையை அவர்கள் முதல் நாளிலேயே வைத்துக் கட்டினார்கள். பி.வி.எச். மாதிரி பெரிய அமெரிக்க ஆடை நிறுவனம் உள்ளே வந்தது. எல்லாம் கையேட்டில் போட்டபடி. அந்த நாட்டின் வடக்கே நடந்த டிக்ராய் போரைக் காரணம் காட்டி, ஆப்பிரிக்க நாட்டுச் சரக்குக்கான 'அகோவா' வரிச்சலுகையை 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா எத்தியோப்பியாவுக்கு நிறுத்தியது. அது அமலுக்கு வரும் முன்பே பி.வி.எச். தன் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. உலகத்தரம் வாய்ந்த சுத்திகரிப்பு நிலையம், ஒரு வரிச்சலுகை போனதற்கு ஈடு கொடுக்கவில்லை.

கொதிகலன்:
எல்லாரும் ஆடையைப் பற்றியே பேசுகிறீர்கள். இரும்புக்கு வாருங்கள், அங்கே ஆட்டம் மாறுகிறது.

ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி, சி.பி.ஏ.எம். (இறக்குமதிச் சரக்கைச் செய்தபோது வெளியான கார்பனுக்கு விலை கேட்பது), 2023 அக்டோபரில் கணக்குக் கொடுப்பதோடு மட்டும் ஆரம்பித்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு கட்டும் பொறுப்பும் சேர்ந்துவிட்டது. பட்டியலில் இருப்பவை சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். இந்திய இரும்பு ஒரு டன்னுக்குச் சுமார் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, உலகச் சராசரி 2க்குக் கீழே. நிலக்கரி வழி அதிகம், பழைய இரும்பு போதாது, அதுதான் காரணம். 2024 டிசம்பரில் இந்தியா பசுமை இரும்புக்கு வரையறை கொண்டுவந்தது. 2.2 டன்னுக்குக் கீழே வந்தால்தான் நட்சத்திரம், 1.6க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். நம் ஊர் உருக்காலைகளில் சராசரி ஒன்றை எடுத்தால் முதல் படிக்கட்டிலேயே கால் வைக்க முடியாது.

ஆனால் பெரிய உருக்காலை சமாளித்துவிடும், அதற்கு ஆள் படை உண்டு. நான் பார்ப்பது போல்ட், நட்டு, திருகு செய்கிறவர்களை. இவையும் சி.பி.ஏ.எம். பட்டியலில் இருக்கின்றன. போல்ட் செய்யும் ஆலையில் வரும் புகை கொஞ்சம்தான். கார்பனில் பெரும்பங்கு அவர் வாங்கும் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த எண் கம்பி கொடுத்த ஆலையிடம் இருக்கிறது. சின்ன வாடிக்கையாளருக்கு அதை எடுத்துக் கொடுக்க அந்த ஆலைக்கு என்ன அவசரம்? கொடுக்காவிட்டால் ஐரோப்பிய இறக்குமதியாளர் இயல்புநிலை மதிப்பை, அதாவது ஐரோப்பா முன்கூட்டியே வைத்திருக்கும் எண்ணைப் போடுவார். நிஜ எண்ணைத் தேடிக் கொடுக்கத் தூண்ட வேண்டும் என்பதால் அதை உயர்த்தியே வைத்திருக்கிறார்கள். உங்கள் கம்பி சுத்தமாக இருந்தாலும், காகிதம் இல்லையென்றால் அழுக்குதான்.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். ஆண்டுக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கு இறக்குமதியாளருக்கு, நமக்கு இல்லை. நாம் 10 டன்தான் அனுப்பினாலும் அவர் மொத்தத்தில் அதிகம் வாங்கினால் நம் சரக்குக்கும் கணக்கு வேண்டும்.

எதிர்க்கட்சி:
பார்த்தீர்களா, ஏணிக்குச் சுங்கம்.

கொதிகலன்:
சுங்கம்தான். ஆனால் ஆடை விஷயத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. துருக்கி, வியட்நாம், சீனா, இந்தியா எல்லாருக்கும் ஒரே அளவுகோல். திருப்பூர் சுத்தம் செய்தபோது பக்கத்து நாட்டுப் போட்டியாளர் செய்யவில்லை, அந்தச் சுமை ஒருபக்கமாக ஏறியது. இங்கே சுத்தமாக உருக்குகிறவருக்குக் கட்ட வேண்டியது நேரடியாகக் குறைகிறது. இன்னொன்று, சொந்த நாட்டில் கார்பனுக்குக் கட்டிய விலையை ஐரோப்பாவில் கழித்துக்கொள்ளலாம். இந்தியா தன் கார்பன் சந்தைத் திட்டத்தை 2023இல் அறிவித்தது. அந்தப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்சுக்குப் போவதா, இங்கேயே தங்கி ஆலைகளை மாற்ற உதவுவதா என்பதுதான் இப்போது உருப்படியான சண்டை. சுங்கமே வேண்டாம் என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

எதிர்க்கட்சி:
அந்த ஒரு புள்ளியில் உங்களோடு நிற்கிறேன். பணம் இங்கேயே தங்கட்டும். அளவுகோலை எழுதும் மேசையில் நமக்கு நாற்காலி இல்லை என்பதையும் ஆய்வில் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பறை:
எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சொன்னதை வைத்துத் திட்டத்தை மாற்றுகிறேன். 'பசுமை நிறுவனம் அதிகம் சம்பாதிக்கிறதா' என்று ஒப்பிடுவதற்குப் பதிலாக, ஒரே மாதிரி முதலீடு செய்த சப்ளையர்களில் ஆர்டர் எத்தனை காலத்துக்கு, கடன் என்ன வட்டிக்கு, பணம் எத்தனை நாளில் என்று மூன்றையும் கேட்டு, யாருக்கு முதலீடு திரும்பியது என்று பார்க்கலாமா? கடன்பிரிவு சார், இதற்கு வங்கியில் தரவு இருக்குமா?

கடன்பிரிவு:
இருக்கும், ஆனால் கொடுக்க மாட்டோம். வாடிக்கையாளர் ரகசியம். ஆலைகளிடம் நேரடியாகக் கேளுங்கள், புலம்ப ஆள் கிடைத்தால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியிலும் பல் வைத்தார்கள்: காலம் தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்டலாம். உள்நாட்டு வாங்குபவருக்கு இது உறைக்கும். கடல் தாண்டி இருப்பவரை இந்தச் சட்டம் தொடாது, அவர் 90 நாள், 120 நாள் என்பார். அத்தனை நாளும் சப்ளையர் என்னிடம் நடைமுறை மூலதனக் கடன் வாங்கி, தன்னைவிட நூறு மடங்கு பெரிய பையருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மெஷின் மாற்ற வேண்டிய காசு அங்கேதான் மாட்டிக்கிடக்கிறது.

என் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் நான் எதைப் பார்ப்பேன் என்றும் கேட்பீர்கள். சான்றிதழ் நகலை ஓரமாக வைத்துவிடுவேன். இரண்டு வருடக் கொள்முதல் ஒப்பந்தம் இருந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

ஏற்றுமதிக்காரர்:
இரண்டு வருட ஒப்பந்தமா? பையர்கள் கொடுப்பது ஃபோர்காஸ்ட், இவ்வளவு வாங்கலாம் என்ற வெறும் மதிப்பீடு. அதில் அடியில் பொடி எழுத்தில் 'இது கொள்முதல் உறுதி அல்ல' என்று இருக்கும். தங்கை, அந்த ஃபோர்காஸ்ட் தாளையும் கடைசியில் வந்த ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அத்தியாயம் எழுதுங்கள். பெயர் வெளிவராது என்றால் எங்கள் பக்கமிருந்து சிலரைப் பேசவைக்கிறேன், தனிமடலில் வாருங்கள்.